பழைய வண்டியில் கூலன்ட் எங்கே போகிறது?

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் பழைய வண்டிகள் பலவற்றில், சீட்டுக்கு அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடப்பதைப் பார்க்கலாம். அது குடிப்பதற்கு வைத்த தண்ணீர் அன்று, ரேடியேட்டருக்கு வைத்தது. வண்டிக்கு வயதாகிவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை பானட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும் என்று உரிமையாளர்கள் பலரும் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். வயதுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பு மூடிய அமைப்பு. அதில் ஊற்றிய தண்ணீரோ, கூலன்ட் என்னும் குளிர்விக்கும் கலவையோ மாதக்கணக்கில் ஏறத்தாழ அதே அளவில் இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அது ஏதோ ஒரு வழியாக வெளியேறுகிறது என்றே பொருள். அந்த வழியை எப்படித் தேடுவது என்பதை, பானட்டுக்குள் இருப்பவற்றின் பெயர் தெரியாதவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்தத் திரவம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்தைச் சுழற்றாமல், குளிர்விக்கும் திரவத்துக்குள் வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. எரிபொருள் எரியும் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள குடைவுகளின் வழியாக ஓடும் திரவம் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மேல் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் இன்ஜினுக்குத் திரும்புகிறது. இந்த ஓட்டத்தை நடத்துவது வாட்டர் பம்ப். நம் பட்டறைகளில் ‘வாட்டர் பாடி’ என்று கேட்டால்தான் சட்டென்று புரியும். பாதையின் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் இது 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும். அதுவரை திரவத்தை ரேடியேட்டர் பக்கம் விடாது. ஹீட்டர் உள்ள வண்டிகளில் ஒரு சிறு கிளை டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள குட்டி ரேடியேட்டருக்கும் போய்வருகிறது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால் அது இருப்பதே பலருக்கு மறந்துபோகிறது. ஒழுகத் தொடங்கும்போது அதுதான் கடைசியாகச் சந்தேகிக்கப்படும் இடமாகவும் ஆகிவிடுகிறது.

கசிவைப் புரிந்துகொள்ள இந்தச் சுற்றோட்டம் மட்டும் போதாது, அழுத்தத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. அதன் உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று இருக்கிறது. பல கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள்; வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அத்தனை ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) ஏறும் வரை அந்த வால்வு திறக்காது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் மூடிக்குக் கீழே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் என்றால் இன்னும் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி நல்ல நிலையில் இருந்தால் அங்கும் 115 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தத்தைப் பிடிக்காத மூடியோடு, வெறும் தண்ணீர் ஊற்றி மலையேறும் வண்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மின்விசிறி ஓடத் தொடங்கும் சூடே பல கார்களில் தொண்ணூறுகளில்தான் இருக்கிறது; விசிறி சுற்றத் தொடங்கும் வேளையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். சமவெளியில் மாதக்கணக்கில் தொல்லை தராத வண்டி, மலையில் பாதித் தொட்டியை வெளியே தள்ளுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே ஓட்டை எதுவுமே இராது. ஆகவே தேடலைத் தொடங்கும் முன் புது மூடி ஒன்றை மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மலிவான சோதனை. வண்டிக்குக் குறித்த அதே அழுத்த எண் உள்ள மூடியாக அது இருக்க வேண்டும். கூடுதல் எண் கொண்ட மூடியை மாட்டினால் பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பிளக்கக்கூடும்.

மூடியில் எதிர்த்திசையில் திறக்கும் சிறு வால்வு ஒன்றும் உண்டு. இன்ஜின் ஆறும்போது திரவம் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த பக்கத்துப் பாட்டிலில் உள்ள கூலன்டை உள்ளே இழுத்துக்கொள்ள அந்த வால்வு வழிவிடுகிறது. அது அடைத்துக்கொண்டால் பாட்டிலில் கூலன்ட் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டே போகும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் இந்தப் பிழையைச் சந்தேகியுங்கள். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பானட்டை மூடிவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆறிய இன்ஜினில் அது ஏறத்தாழ இல்லை. ஓடிச் சூடான இன்ஜினில் உச்சத்தில் இருக்கிறது. உலோகமும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குகின்றன, அதுவும் வெவ்வேறு அளவில். ஆகவே ஒரே வண்டி ஒரு நிலையில் ஒழுகும், இன்னொரு நிலையில் ஒழுகாது. “எங்கே ஒழுகுகிறது” என்று குனிந்து பார்ப்பதற்கு முன் “எப்போது ஒழுகுகிறது” என்று கேட்பவருக்குத் தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும். பட்டறையில் விட்ட வண்டி நாள் முழுவதும் சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றுவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்ததும் சிந்துகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் இன்ஜின் ஆறிக் கிடந்திருக்கும்.

குறைவது உண்மைதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடிந்ததும், சமதரையில் வைத்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். பாட்டிலின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொள்ளலாம். சூடான நிலையில் பார்க்கும் மட்டம் எதையும் சொல்லாது. அண்மையில் ரேடியேட்டரையோ ஹோஸையோ கழற்றி மாட்டியிருந்தால், உள்ளே சிக்கிய காற்று சில நாள்களில் வெளியேறி மட்டம் சற்றுத் தாழும். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். பக்கத்துப் பாட்டில் இல்லாத மிகப் பழைய வண்டிகளில் கழுத்து வரை நிரப்பினால், முதல் சூட்டில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு ஒரே மட்டத்தில் நிற்கும், அதுவும் இயல்பே. ஏசி போட்டு வந்த வண்டிக்கு அடியில் தேங்கும் நீரைக் கண்டு பதற்றப்படுகிறவர்களும் உண்டு. அந்த நீர் தெளிவாக, மணமின்றி இருக்கும். கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ, விரலில் வழுவழுப்பாக, இனிப்பு மணத்தோடு இருக்கும். மணத்தை நம்பி நாக்கில் வைத்துவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தெருநாயும் பூனையும் அதை நக்கிக் குடித்து இறக்கக்கூடும் என்பதால், சிந்தியதைக் கழுவிவிடுவது உங்கள் பொறுப்பு.

அடுத்து நேரம். இரவு வண்டிக்கு அடியில், முன்சக்கரங்களுக்கு இடையே, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சிமென்ட் தரையில் சொட்டின் தடம் காய்ந்துவிடும்; அட்டையில் கறை நிற்கும். விடிகாலையில் மட்டும் ஈரம் இருந்து, வண்டி சூடானதும் நின்றுவிட்டால், ஹோஸை இறுக்கும் வளையமான கிளாம்ப் உள்ள இணைப்புகளையே முதலில் பாருங்கள். குளிரில் சுருங்கிய ரப்பருக்கும் உலோகக் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழுந்து, சூட்டில் அது மூடிக்கொள்கிறது. மதுரையில் இரவுக் குளிர் அவ்வளவு இல்லாததால் இத்தகைய கசிவு இங்கே தலைகாட்டாமல் இருந்து, கொடைக்கானலில் மார்கழி இரவு நின்ற வண்டியில் முதன்முதலாகத் தெரியவரலாம். ஓடும்போது மட்டும் குறைந்து, நிற்கும்போது தரை காய்ந்தே இருந்தால், அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் சிறு ஓட்டையாகவோ உட்கசிவாகவோ இருக்கலாம். மிகவும் பயனுள்ள நேரம் இன்னொன்று உண்டு. நன்றாக ஓடி வந்து இன்ஜினை அணைத்த பின் வரும் பத்துப் பதினைந்து நிமிடங்களில், பம்ப் நின்றுவிட்டதால் சிலிண்டரின் வெப்பம் தேங்கிய திரவத்தில் ஏறி, அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. கருவி எதுவும் இல்லாதவர் டார்ச் விளக்கோடு பானட்டைத் திறந்து நிற்க வேண்டிய நேரம் அதுதான். அந்த வேளையில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் விலகி, உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். விரலும் துண்டும் புடவைத் தலைப்பும் அதன் பக்கம் போகக் கூடாது.

இப்போது இடம். சொட்டு விழும் புள்ளிக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். திரவம் குழாயின் வளைவிலும் இன்ஜினின் விளிம்பிலும் வழிந்து வந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டுகிறது. ஓடும்போது விசிறிக் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளியும் விடுகிறது. ஈரமுள்ள இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள். ஈரம் இல்லை என்றால் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். கூலன்ட் ஊற்றிய வண்டியில் அந்தத் தடம் அதன் நிறத்திலேயே பொருக்காகப் படிந்திருக்கும். வெறும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய வண்டியில் வெள்ளை உப்பாகப் பூத்திருக்கும். சந்தேகம் உள்ள இணைப்பைத் துணியால் துடைத்து உலர்த்தி, மேலே டால்கம் பவுடரைத் தூவிவிட்டால், அடுத்த கசிவு பவுடரில் கோடு இழுத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஹோஸ்களை ஆறிய நிலையில் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, ஊறிய ரொட்டித் துண்டாக அமுங்கினாலோ, முனையில் புடைத்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது. கீழ் ஹோஸின் மேல் இன்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் இளகிப்போயிருக்கும். அங்கே ஆயில் கசிவையும் சேர்த்து அடைக்காமல் ஹோஸை மட்டும் மாற்றுவது வீண்செலவு. வயல் ஓரத்திலும் வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் வண்டியை நிறுத்துகிற மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வாசகர்கள், எலிப் பல் தடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. கிளாம்பைத் திருகும்போது கட்டுப்பாடு வேண்டும். பிளாஸ்டிக் கழுத்துள்ள ரேடியேட்டரில் பலம் காட்டினால் கழுத்தே விரிந்து, ஒரு கசிவு இரண்டாகும்.

பழைய அம்பாசடர், ஜீப் முதலியவற்றின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக ஈயம் வைத்துப் பற்றவைத்தது. ஒழுகினால் ரேடியேட்டர் பட்டறையில் கழற்றிக் கொடுத்து மீண்டும் பற்றவைத்துக்கொள்ளலாம். பிற்காலக் கார்களில் அலுமினியத் தட்டுகளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டியை ரப்பர் வளையம் வைத்து மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பும் பிளாஸ்டிக்கின் விளிம்பும்தான் வயதில் பலவீனமாகும் இடங்கள். இவற்றை ஒட்டுப்பசை பூசிச் சரிசெய்தால் அடுத்த மலைப்பயணம் வரைகூடத் தாங்காது. மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

வாட்டர் பாடியின் கசிவை அறிய ஓர் அடையாளத்தை, அதைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். அதன் உடலில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் திரவம் பேரிங்குக்குள் போய்விடாமல் அந்தத் துளை வழியாக வெளியே வர வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அங்கே ஈரமோ பொருக்குக் கோடோ தெரிந்தால் பம்பை மாற்ற வேண்டியதுதான். துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடும் புத்திசாலிகளைக் கேள்விப்பட்டதுண்டு. அவர்களுக்குச் சில வாரங்களில் பேரிங் கதறிப் பதில் சொல்லும். டைமிங் பெல்ட் சுழற்றும் பம்ப் என்றால் அது பெல்ட்டின் மூடிக்குள் மறைந்திருக்கும், ஈரம் அந்த மூடியின் அடிவிளிம்பில் மட்டும் தெரியும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறுக்கிய வட்டமான உலோகத் தகட்டு மூடிகளும் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும். அவற்றில் சில கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுதான் தொல்லை. டேஷ்போர்டுக்குள் உள்ள ஹீட்டரின் கசிவு வெளியே தெரியாது. காருக்குள் இனிப்பு மணம், முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான மங்கல், முன்சீட்டின் கால்விரிப்புக்கு அடியில் ஈரம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

கண்ணால் தேடியும் அகப்படாவிட்டால், அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். அது மானி பொருத்திய சிறு கைப்பம்ப். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் இதை மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஓடும் வண்டியின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் சூடும் இல்லை, விசிறியும் இல்லை, பெல்ட்டும் சுழலவில்லை. தலையை உள்ளே நுழைத்து நிதானமாகப் பார்க்கலாம். பதினைந்து நிமிடத்தில் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இருக்க வாய்ப்புக் குறைவு. முள் இறங்கி, வெளியிலும் எங்கும் ஈரம் இல்லை என்றால், திரவம் ஹீட்டர் வழியாகவோ இன்ஜினுக்கு உள்ளேயோ போகிறது. மூடியில் எழுதிய அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கருவியோடு வரும் இணைப்பானைக் கொண்டு அந்த மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்டில் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த விளக்கை அடித்துப் பார்ப்பதும் நல்ல வழி.

நம் பகுதியில் இந்தத் தேடலைக் குழப்புகிற மூன்று பழக்கங்கள் உண்டு. முதலாவது, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றுவது. சூட்டில் உப்பு ஓடாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைக் குறுக்கும். அதே ஓடு, அரித்துப்போன ஊசித்துளைகளைத் தற்காலிகமாக அடைத்தும் வைக்கும். பிறகு யாரோ சொன்னார்கள் என்று உள்ளே கழுவிவிட்டு நல்ல கூலன்ட் ஊற்றினால், ஓடு கரைந்து நான்கு இடங்களில் ஒழுகத் தொடங்கும். பழி கூலன்டின் மேல் விழும். ஓட்டைகள் முன்பே இருந்தவை. இரண்டாவது, வழியில் ஒழுகினால் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது. லாரி ஓட்டுநர்களிடம் நெடுங்காலமாக உள்ள இந்த வைத்தியம் ஊர் வந்து சேர உதவக்கூடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைக்கிறது. கடையில் டப்பாவில் விற்கும் அடைப்பானுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, “இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. சில இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போது ரேடியேட்டரைத் தவிர்க்கும் குறுக்குவழியையும் அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதிரவத்தில் ஒரு பகுதி ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பும். வண்டி சூடாகும், கசிவு என்று தவறாகக் கணிக்கப்படும்.

உட்கசிவு தனி இனம். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு கிழிந்தாலோ ஹெட்டில் விரிசல் விழுந்தாலோ திரவம் எரியும் அறைக்குள் நுழையும். சூடான பிறகும் நிற்காத, இனிப்பு மணமுள்ள வெள்ளைப் புகை அதன் அறிகுறி. ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஓரிரு நிமிடத்துக்குள், திரவம் இன்னும் சூடாகாத நிலையில், மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரிந்த வாயு குளிர்விக்கும் பாதைக்குள் புகுகிறது என்று அறியலாம். ஆறிய நிலையில் மூடியைக் கழற்றிவிட்டுக் கிளப்பி, கழுத்தில் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா என்றும் பார்க்கலாம். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் சிக்கிய காற்றாக இருக்கக்கூடும், தொடர்ந்து வருபவையே கவலைக்குரியவை. இதற்கென்றே ஒரு நீலத் திரவச் சோதனையும் இருக்கிறது: ரேடியேட்டர் கழுத்தின் மேலுள்ள காற்றை அதன் வழியே இழுக்கும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஆயில் மூடிக்கு அடியில் வெளிறிய பழுப்புக் கூழ் படிந்தாலோ, ஆயிலை அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறினாலோ, திரவம் ஆயிலோடு கலக்கிறது. டிராக்டர்களிலும் பழைய டீசல் வண்டிகள் பலவற்றிலும் சிலிண்டர் லைனரின் (பிஸ்டன் ஓடும் தனிக்குழாயின்) வெளிப்புறத்தைத் திரவம் நேரடியாகத் தொடும். லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் கெட்டால் திரவம் நேரே இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் சம்ப்பின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் முதலில் வரும்.

எந்த நிலையில் ஓட்டலாம், எதில் ஓட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோஸ் முனையிலோ ரேடியேட்டரிலோ மெல்லச் சொட்டும் வண்டியை, நன்றாக ஆறவிட்டு நிரப்பி, சூட்டு முள்ளைக் கவனித்தபடி திருமங்கலத்திலிருந்து மதுரைப் பட்டறை வரை கொண்டுவந்துவிடலாம். ஆயிலில் கூழ் தெரிந்தாலோ வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ கிளப்பவே வேண்டாம். கட்டி இழுத்து வாருங்கள். முள் உயர்ந்துவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துக் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். முள்ளையும் முழுவதும் நம்பாதீர்கள். அதன் உணரி திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் முழுவதும் போய்விட்ட இன்ஜினில் அது வெறும் காற்றில் நின்றுகொண்டு, உள்ளே உலோகம் தகிக்கும்போதும் குறைந்த சூட்டையே காட்டக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்தால், நிறுத்திப் பார்க்க அதுவே போதிய காரணம்.